வரைபடத்தில் விட்டுப்போனது

அய்யலுசாமி மடத்தம்மாவிடம் சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது அறுபத்துநான்கு. அம்மாவுக்கு முப்பத்தொன்பது.

வல்லநேரிக்கு வடக்கே கரிசல் காட்டில் தனியாக நின்ற ஓட்டுக் கட்டடத்தைத்தான் ஊர் மடம் என்று சொன்னது. அம்மா முன்பு மதுரையில் நர்ஸாக இருந்தவர். ஏன் அந்த வேலையை விட்டார், ஏன் இங்கே வந்தார் என்று யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை காலையில் பத்துப் பேர் வருவார்கள். ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அதன் பிறகு யாராவது எதையாவது கேட்டால் அம்மா பதில் சொல்வார். பல வாரங்கள் யாரும் எதுவும் கேட்காமலே கலைந்து போவார்கள்.

அய்யலுசாமி ஓய்வுபெற்ற நில அளவர். அண்ணன் தம்பிக்குள் வரப்புச் சண்டை வந்தால், “சர்வேயர் போட்ட கல்லைப் பாரு” என்பார்கள். கல்லைப் பார்த்ததும் சண்டை முடிந்துவிடும். அவர் அளவில் ஓர் அடி கூடியது குறைந்தது என்று யாரும் சொன்னதில்லை.

இரண்டு வருடம் அவர் மடத்தில் ஒழுங்காக உட்கார்ந்தார். ஒரு பங்குனி வெள்ளியன்று அவரால் உட்கார முடியவில்லை. பத்து நிமிடத்தில் எழுந்து கிணறு வரை போனார். திரும்பி வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம், எல்லோரும் போன பிறகு அம்மா கேட்டார்.

“கால் வலிக்குதா, அண்ணாச்சி?”

“கால் இல்லம்மா.”

பிறகு அவர் சொல்லத் தொடங்கினார். நான்கு வருடத்துக்கு முன் ஒரு கம்பெனி வந்து ஊருக்குக் கிழக்கே இருந்த தரிசையெல்லாம் வளைத்து, வேலி போட்டு, சோலார் தகடுகளை நிறுத்தியது. அவர்களுக்கு நிலத்தை அளந்து கொடுத்தவர் அய்யலுசாமிதான். நல்ல வேலை என்றே நினைத்துச் செய்தார். இப்போது அதே கம்பெனி வடக்குக் காட்டையும் கேட்கிறது. எந்த நிலம் யாருடையது, அதில் என்ன இருக்கிறது என்று வரைபடம் போட்டு, மாதக் கடைசிக்குள் கையெழுத்திட்டுத் தரவேண்டும். பழைய அரசாங்கப் படத்தை வைத்துப் படம் தயார். கையெழுத்துப் போடத்தான் முடியவில்லை. பேனாவை எடுத்ததும் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார்.

“கரியை எரிக்காம கரண்டு எடுக்காங்க. நல்ல காரியந்தான? அப்புறம் ஏம்மா மனசு ஓரிடத்துல நிக்க மாட்டேங்குது?”

அம்மா வராந்தாப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

மடத்து வராந்தாவில் ஆவுடையம்மாள் படுத்திருந்தாள். ஊரில் முப்பத்திரண்டு ஆடு வைத்திருப்பவள். குதிகாலில் உடைமர முள் ஏறிச் சீழ் வைத்துவிட்டது. அன்று காலையில்தான் அம்மா அதைக் கீறி, மருந்து வைத்துக் கட்டியிருந்தார். நான்கு நாள் கால் ஊன்றக்கூடாது என்று சொல்லியிருந்தார். தொழுவில் ஆடுகள் கத்துவது மடம் வரை கேட்டது.

“நாலு நாளைக்கு இவ ஆடுகளை நீங்க கொண்டுபோயிட்டு வாங்க,” என்றார் அம்மா.

அய்யலுசாமி தனக்கு ஆடு மேய்த்துப் பழக்கமில்லை என்றார். கம்பெனிக்குப் படம் கொடுக்க இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது என்றும் சொன்னார்.

“படத்தையும் கையில வச்சுக்கிடுங்க.”

ஆவுடையம்மாள் படுத்த இடத்திலிருந்தே அவருக்குத் தைரியம் சொன்னாள். “நீங்க ஓட்ட வேண்டாம், சர்வேயரய்யா. கண்மாய்க்குப் போற வழி அதுகளுக்குத் தெரியும். பின்னால போனாப் போதும்.”

மறுநாள் காலை அவர் தொழுவைத் திறந்துவிட்டார். ஆடுகள் கிழக்கே பார்த்து நடந்தன. அவர் அவற்றின் பின்னால் போனார். சோலார் வேலி வந்ததும் ஆடுகள் ஓரிடத்தில் நின்றன.

அங்கே வாசல் எதுவும் இல்லை. மேய்வதற்குப் புல்லும் இல்லை. கம்பி வலைக்கு முன்னால் நின்று உள்ளே பார்த்தன. உள்ளே கருநீலத் தகடுகள் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் அது நிறைந்த குளம் போலிருந்தது. உண்மையான தண்ணீர் அதற்கும் அப்பால், கண்மாயில் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து முன்னால் நின்ற கிடா வடக்கே திரும்பியது. மற்றவை அதன் பின்னால் போயின. வேலி போட்ட பிறகு பிறந்த குட்டிகளும் நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பின.

முன்பு நேராகப் போனால் அரை மணியில் கண்மாய். இப்போது வடக்குக் காட்டு வழியாகச் சுற்றிப் போக, இரண்டரை மணி நேரம் ஆனது.

வடக்குக் காட்டின் நடுவே அய்யலுசாமி வரைபடத்தைத் தரையில் விரித்தார். காற்றுக்குப் பறக்காமல் நான்கு மூலையிலும் கல் வைத்தார். அவர் நின்ற இடம் படத்தில் வெறும் வெள்ளையாக இருந்தது. தரையில் அப்படி இல்லை. ஒரு சாண் ஆழத்துக்குத் தேய்ந்த தடம் ஒன்று வளைந்து வளைந்து போனது. அதன் ஓரத்தில் இரண்டு உடைமரங்களும் ஒரு நீர்க்குட்டையும் இருந்தன. குட்டையில் அடிமட்டத்தில் கொஞ்சம் கலங்கல் தண்ணீர். ஆடுகள் அதை முறை வைத்துக் குடித்தன. வேலி வந்த நான்கு வருடத்தில் ஆடுகள் நடந்து மட்டும் அப்படி ஒரு தடம் விழாது. அது அவருக்குத் தெரியும்.

வேறொன்றும் அவருக்கு ஞாபகம் வந்தது.

அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. எண்பதுகளில் தாலுகா முழுவதும் மறு அளவை நடந்துகொண்டிருந்தது. சித்திரை மாதம். வல்லநேரி காட்டை அவர் அளவுச் சங்கிலி பிடிக்கும் இரண்டு ஆட்களுடன் அளந்தார். அந்த இருவரில் ஒருவர், சுடலை என்பவர், இதே இடத்தில் நின்று கேட்டார்: பாதையைப் படத்தில் போடவில்லையா என்று. பாதை அத்தனை வளைவு. ஒவ்வொரு வளைவாக அளந்தால் மூன்று நாள் கூட ஆகும். வெயில் தாங்க முடியவில்லை. “வண்டி போற பாதையா என்ன? ஆட்டுத் தடந்தானே” என்று சொல்லிவிட்டு அவர் சங்கிலியைச் சுருட்டச் சொன்னார். அன்று சாயங்காலமே கையெழுத்தும் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு நாற்பது வருடத்தில் ஒருநாள்கூட அதை நினைத்ததில்லை.

கிழக்கே வேலிக்குள் போய்விட்ட தரிசின் படமும் அந்தச் சித்திரையில் போட்டதுதான்.

இரண்டாம் நாளும் ஆடுகள் வேலியில் நின்று, திரும்பி, சுற்றிப் போயின. அய்யலுசாமி பின்னால் நடந்தார்.

மூன்றாம் நாள் ஒரு சினையாடு பின்தங்கிக்கொண்டே வந்தது. வேலியின் வடக்கு மூலையில் படுத்துவிட்டது. மற்ற ஆடுகள் முன்னால் போய்க்கொண்டிருந்தன. அவர் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் ஓடினார். வேலிக்கு உள்ளே காவலுக்கு நின்ற கருத்தப்பாண்டி இதைப் பார்த்துவிட்டு வந்தான். அவன் ஆவுடையம்மாளின் அக்காள் மகன். அந்த வேலை கிடைத்த பிறகுதான் அவனுக்குக் கல்யாணம் ஆனது.

மூலைக்குப் பக்கத்தில் இருந்த வாசலைத் திறந்துவிடச் சொல்லி அவர் கேட்டார். உள்ளே தகடுகளின் நிழல் இருந்தது.

“திறந்தா என் வேலை போயிரும், பெரியப்பா. கேமரா இருக்கு,” என்றான் அவன். தன் தண்ணீர் பாட்டிலைக் கம்பிக்குள் நுழைக்கப் பார்த்தான். நுழையவில்லை. மூடியைத் திறந்து, கம்பி வழியே அவர் கையில் ஊற்றினான். அவர் அதைக் கையில் ஏந்தி ஆட்டின் வாயில் விட்டார். பாதி தண்ணீர் மண்ணில் போனது.

ஆடு இரண்டு குட்டி போட்டது. முதல் குட்டி எழுந்து நின்றது. இரண்டாவது எழவில்லை. கருத்தப்பாண்டி வேலிக்கு அந்தப் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் அய்யலுசாமி இரண்டு குட்டிகளையும் துண்டில் சுமந்துகொண்டு மடத்துக்கு வந்தார். ஆவுடையம்மாள் உயிரோடிருந்ததை வாங்கித் தாயிடம் விடச் சொன்னாள். செத்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“போன கோடையில மூணு போச்சு,” என்றாள். திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் அம்மாவைத் தேடிப் போனார். அம்மா தோட்டத்தில் மோட்டார் போட்டுக் கத்தரிச் செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். அய்யலுசாமி சித்திரை மாதத்துக் கதையை முழுவதும் சொன்னார். சொல்லும்போதும் அவரால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வாய்க்காலின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்தார்.

“இந்தக் கம்பெனியே வேண்டாம்னு ஊருக்குள்ள சொல்லிரவா?”

“கூரை மேல பாருங்க,” என்றார் அம்மா. ஓட்டின் மேல் இரண்டு தகடுகள் இருந்தன. “இந்த மோட்டார் அதுலதான் ஓடுது. நான் எப்படி வேண்டாம்னு சொல்ல?”

“அப்ப படத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துரவா?”

“அவங்க உங்ககிட்ட என்ன கேட்டாங்க?”

“எந்த இடத்துல என்ன இருக்குன்னு கேட்டாங்க.”

“சொல்லிட்டீங்களா?”

அம்மா மண்வெட்டியால் மடையை மாற்றி, தண்ணீரை அடுத்த பாத்திக்குத் திருப்பினார்.

நான்காம் நாள் அவர் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு போனார். ஆடுகள் மேய, அவர் ஒவ்வொரு வளைவாக அளந்தார். தனியாள் என்பதால் நாடாவின் ஒரு முனையைக் கல்லுக்கு அடியில் வைத்து, மறுமுனையோடு நடந்தார். அது அன்றைக்கே முடியவில்லை. ஆவுடையம்மாளுக்குக் கால் சரியாகி, அவளே ஆடுகளைக் கொண்டுபோகத் தொடங்கினாள். அதன் பிறகும் அவர் இரண்டு நாள் போனார்.

கம்பெனியின் அலுவலகம் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தது. பொறியாளர் ஹேமலதாவுக்கு முப்பது வயதிருக்கும். அய்யலுசாமி புதுப் படத்தை மேசையில் விரித்து, பாதையையும் குட்டையையும் காட்டினார். கிழக்கே வழி அடைபட்டுவிட்டது, வடக்கும் அடைபட்டால் ஆடுகள் லாரி போகும் சாலையில்தான் போகவேண்டும் என்று சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு அரசாங்கப் படத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

“இதுல பாதை இல்லையே, சார்.”

“தரையில இருக்கு.”

“நீங்க சொன்னா நான் நம்புவேன். தலைமை அலுவலகம் நம்பாது. பதிவுல இருந்தா அந்த இடத்தைக் கட்டாயம் விட்டுருவோம். இல்லாட்டி விட மாட்டாங்க.”

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டு வந்தார். அவள் தன்னைத் தவறாக நினைத்துக்கொள்ளவேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அவள் வளர்ந்த ஊரில் அனல் மின் நிலையத்துச் சாம்பல் மொட்டை மாடியில் விழுமாம். காயப்போட்ட துணியை உதறி உதறி அவள் அம்மாவுக்கு இழுப்பு வந்துவிட்டதாம். அதனால்தான் இந்தப் படிப்பைத் தேடிப் படித்ததாகச் சொன்னாள். ஆட்டுக்காரர்கள் வாயில் மண்ணைப் போட இந்த வேலைக்கு வரவில்லை என்றாள்.

“பழைய படத்துல எப்படி விட்டுப்போச்சு?” என்று கேட்டாள்.

“நான்தான் விட்டேன்.”

அவள் அரசாங்கப் படத்தின் மூலையில் இருந்த கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். “அப்ப அதை நீங்கதான் எழுதிக் குடுக்கணும். எழுதினா உங்களுக்குத்தான் சிக்கல் வரும், சார். யோசிச்சுச் செய்ங்க.”

அவர் அங்கேயே ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கினார். இன்ன வருடம் இன்ன மாதம் வல்லநேரி கிராமத்தை அளந்தபோது, மக்களும் கால்நடைகளும் காலங்காலமாக நடந்த பாதையையும் நீர்க்குட்டையையும் நேரில் பார்த்திருந்தும், வெயிலுக்குச் சோம்பி வரைபடத்தில் காட்டாமல் விட்டேன் என்று எழுதினார். ‘சோம்பி’ என்ற சொல் வேண்டாமே என்றாள் ஹேமலதா. அவர் அதை மாற்றவில்லை. கையெழுத்துப் போட்டு, தாலுகா அலுவலகத்துக்கு நடந்தார்.

அடுத்து வந்தவை அவர் நினைத்ததைவிடக் கடுமையாக இருந்தன. படத்தில் பாதை விட்டுப்போனதால், அந்த இடம் அந்தக் காலத்திலேயே இரண்டு பக்கத்து நிலக்காரர்களின் பட்டாவில் சேர்ந்திருந்தது. அந்த இருவரில் ஒருவர் அய்யலுசாமியின் சொந்தத் தம்பி ரெங்கசாமி. நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு மகள் கல்யாணத்தை வைக்கலாம் என்று இருந்தவர். அவர் வந்து வாசலிலேயே நின்று ஒன்றே ஒன்று கேட்டார்.

“நாப்பது வருசமா இல்லாத பாதை இப்ப எங்கேருந்துண்ணே வந்துச்சு?”

அது அப்போதும் இருந்தது என்றார் அய்யலுசாமி. ரெங்கசாமி அதன் பிறகு அந்த வாசலுக்கு வரவில்லை.

அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஊரில் அவரைப் பார்த்து எழுந்து நின்றவர்கள் உட்கார்ந்தபடியே பேசினார்கள். இரண்டு வீட்டுக்காரர்கள் தங்கள் வரப்பையும் மறுபடி அளக்கச் சொல்லி மனுக் கொடுத்தார்கள். சர்வேயர் போட்ட கல் என்றால் முடிந்துபோகிற சண்டைகள் இப்போது முடியவில்லை.

தாலுகாவிலிருந்து ஆட்கள் வந்து அளந்தார்கள். பாதையும் குட்டையும் பதிவில் ஏறின. கம்பெனி தகடுகளின் வரிசையை ஒதுக்கி, இரண்டு வண்டி போகிற அகலத்துக்கு இடம் விட்டது. வழி பிழைத்ததாக ஆவுடையம்மாள் சொன்னாள். ஆனால் இரு பக்கமும் கம்பிக்கு நடுவே ஆடுகள் மிரண்டுகொண்டே போகின்றன என்றும் சொன்னாள். கிழக்கு வேலியை யாரும் தொடவில்லை. அது முடிந்துபோன விஷயம் என்றார்கள்.

ரெங்கசாமியின் மகள் கல்யாணம் ஆவணியில் நடந்தது. அய்யலுசாமிக்குப் பத்திரிகை வந்தது. கொண்டுவந்து கொடுத்தவர் தபால்காரர்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, எல்லோரும் போன பிறகு அவர் மடத்திலேயே நின்றார். அம்மா வராந்தாவில் உட்கார்ந்து ஒரு பெண்ணின் குழந்தைக்குக் காதுக்கு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் போகும் வரை அய்யலுசாமி தூணுக்குத் தூண் நடந்துகொண்டிருந்தார்.

“எழுதிக் குடுத்தா மனசு அமைதியாயிரும்னு நினைச்சேன்,” என்றார். “முன்ன இருந்ததுக்கு இப்ப மோசமா இருக்கு.”

“என்ன ஆச்சு?”

அவர் சொன்னார். செய்தி பரவியதிலிருந்து பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் அவர் வீட்டுக்கு வருகிறார்கள். எங்கள் ஊர்ச் சுடுகாட்டுப் பாதை படத்தில் இல்லை என்று ஒருவர் வந்தார். மழைத்தண்ணீர் வருகிற ஓடை படத்தில் இல்லை, அதற்கு நடுவில் காற்றாலைக்குக் குழி தோண்டிவிட்டார்கள் என்று இன்னொருவர் வந்தார். ஒரு பக்கம் காற்றாலை வருகிறது, ஒரு பக்கம் சோலார் வருகிறது, கரண்டைக் கொண்டுபோகக் கோபுரங்கள் வருகின்றன. அந்தக் கம்பெனிக்காரர்கள் எல்லோருமே அவர் போட்ட படத்தைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

“அந்த ஓடையை நான் பார்த்தேனா, பார்த்தும் விட்டேனா, எனக்கு ஞாபகம் இல்லம்மா. வல்லநேரி மட்டுந்தான் ஞாபகம் இருக்கு. மத்ததெல்லாம் மறந்துபோச்சு. அதுதான் பயமா இருக்கு.”

அம்மா மருந்துக் குப்பியை மூடி வைத்தார்.

“நான் அளந்தது மொத்தம் நாப்பத்தாறு கிராமம்,” என்றார் அய்யலுசாமி. “எனக்கு அறுபத்தாறு வயசு. ஒவ்வொரு ஊராப் போய் நடந்து பாக்க நான் எத்தனை வருசம் இருப்பேன்? நான் போறதுக்குள்ள பாதி ஊருல வேலி விழுந்துரும். இது ஆகிற காரியமா? நீங்களே சொல்லுங்க.”

அம்மா எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றார்.

“அதுல பக்கத்துல இருக்கிறது எந்த ஊரு, அண்ணாச்சி?”